வளையும் உலோகம், வளையாத தேடல்: சர் ஜெஃப்ரி டெய்லர்

செம்புக் கம்பி ஒன்றை எடுத்துக் கையால் வளைத்துப் பாருங்கள். முதல் தடவை எளிதாக வளைந்து கொடுக்கும். அதே இடத்தில் மீண்டும் நிமிர்த்த முயன்றால் விரல் வலிக்கும். திரும்பத் திரும்ப வளைத்தால் கம்பி மேலும் இறுகி, இறுதியில் முறிந்துவிடும். கொல்லர்கள் பல்லாண்டுக் காலமாக அறிந்த உண்மை இது. அடிக்க அடிக்க உலோகம் உறுதி பெறும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஏன் என்பதை அறிந்திருக்கவில்லை. அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேய அறிஞர் சர் ஜெஃப்ரி இங்கிரம் டெய்லர்.

டெய்லர் 1886ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை ஓவியர். தாயார் மார்கரெட், கணித மேதை ஜார்ஜ் பூலின் மகள். கணினித் துறை மாணவர்கள் முதலாம் ஆண்டிலேயே சந்திக்கும் பூலியன் இயற்கணிதம் அந்தப் பாட்டனார் தந்ததுதான். சிற்றன்னை அலிசியா பூல் ஸ்டாட், பல்கலைக்கழகத்தில் படிக்காமலேயே நாற்பரிமாண வடிவியலில் பெயர் பெற்றவர். இத்தகைய குடும்பத்தில் வளர்ந்த டெய்லர், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பயின்று ஆய்வாளரானார்.

1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியது. அதைத் தொடர்ந்து 1913இல் பனிப்பாறைகளைக் கண்காணிக்க 'ஸ்கோஷியா' என்ற கப்பல் வட அட்லாண்டிக் கடலுக்கு அனுப்பப்பட்டது. அதில் வானிலை ஆய்வாளராகச் சென்ற டெய்லர், பட்டங்களைப் பறக்கவிட்டுக் காற்றின் வெப்பநிலையை அளந்தார். காற்றின் கொந்தளிப்பு பற்றிய அவருடைய ஆய்வுகளுக்கு அந்த அளவீடுகளே அடித்தளமாயின.

முதல் உலகப் போர் அவரை உலோகங்களின் பக்கம் திருப்பியது. ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றியபோது விமானத்தை ஓட்டவும் கற்றுக்கொண்டார். விமானத்தின் சுழலித் தண்டுகள் எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்பது அங்கே உயிர் சார்ந்த கேள்வி. ஏ. ஏ. கிரிஃபித் என்ற இளம் பொறியாளருடன் சேர்ந்து, சோப்புப் படலத்தின் வளைவைக் கொண்டே தண்டிலுள்ள தகைவைக் கணக்கிடும் முறையை 1917இல் அவர் வெளியிட்டார். எளிய பொருள்களைக் கொண்டு கடினமான கேள்வியை அவிழ்ப்பது வாழ்நாள் முழுவதும் அவருடைய வழக்கமாக இருந்தது.

1923இல் அரச கழகம் அவரை ஆராய்ச்சிப் பேராசிரியராக நியமித்தது. பாடம் நடத்தும் கடமை இல்லை, விரும்பியதை ஆராயலாம். அதே ஆண்டில் கான்ஸ்டன்ஸ் ஈலம் என்ற பெண் ஆய்வாளருடன் இணைந்து அவர் செய்த ஆய்வு புகழ்பெற்றது. அலுமினியத்தை ஒரே படிகமாக வளர்க்கும் அரிய நுட்பத்தில் ஈலம் தேர்ந்தவர். அப்படிகத்தை இழுத்து, மேற்பரப்பில் வரைந்த கோடுகள் எவ்வாறு சாய்கின்றன என்று இருவரும் அளந்தனர். படிகம் மாவைப் போல எல்லாத் திசையிலும் இளகவில்லை. சீட்டுக்கட்டில் சீட்டுகள் நகர்வதுபோல, குறிப்பிட்ட தளங்களில், குறிப்பிட்ட திசைகளில் மட்டுமே அணு அடுக்குகள் சறுக்கின.

இங்கேதான் புதிர் எழுந்தது. ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் சறுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று ரஷ்ய அறிஞர் ஃபிரென்கல் 1926இல் கணக்கிட்டார். தூய படிகங்களில் அளந்த வலிமையோ அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவாக இருந்தது. உலோகம் ஏன் இவ்வளவு எளிதில் பணிகிறது?

1934இல் டெய்லர், ஓரோவான், போலானி ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே விடையைத் தந்தனர். பெரிய பாயைத் தரையில் அப்படியே இழுப்பது கடினம். ஒரு முனையில் சிறு மடிப்பை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் பாய் எளிதாக நகர்ந்துவிடும். படிகத்திலும் அத்தகைய மடிப்பு உண்டு. அணு வரிசை ஒன்று பாதியில் நின்றுபோன அந்தக் குறைக்கு இடப்பிறழ்வு என்று பெயர். அது நகரும்போது அணுப் பிணைப்புகள் ஒவ்வொரு வரிசையாகவே விடுபட்டுச் சேர்கின்றன. அதனால் சிறு விசையே போதுமானது.

டெய்லர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். உலோகத்தை வளைக்க வளைக்க இடப்பிறழ்வுகள் பெருகுகின்றன. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றித் தகைவை உண்டாக்கி மற்றதைத் தடுக்கிறது. நெரிசல் நேரத்துச் சந்தியில் வாகனங்கள் சிக்கி நிற்பதுபோல அவை ஒன்றையொன்று மறிக்கின்றன. நகர முடியாததால் உலோகம் இறுகுகிறது. சில குறைகள் இருந்தால் மென்மை. பல குறைகள் பின்னிக்கொண்டால் உறுதி! உலோகத்தைச் சூடாக்கினால் சிக்கல் அவிழ்ந்து மீண்டும் இளகும். கலப்பு உலோகங்களில் அயல் அணுக்களைச் சேர்ப்பதும், படிகத் துகள்களைச் சிறியதாக்குவதும் இதே தத்துவத்தின்படி இடப்பிறழ்வின் பாதையை மறிக்கும் வழிகளே.

ஆனால் இடப்பிறழ்வை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஐயங்கள் நீடித்தன. 22 ஆண்டுகள் கழித்து, 1956இல், டெய்லர் பணியாற்றிய அதே கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஹிர்ஷ், ஹார்ன், வீலன் ஆகியோர் மெல்லிய அலுமினியத் தகட்டை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தனர். இடப்பிறழ்வுகள் நகர்வது தெளிவாகத் தெரிந்தது. அப்போது டெய்லருக்கு வயது 70.

கான்ஸ்டன்ஸ் ஈலமின் பணியும் மறக்கத்தக்கதன்று. திருமணத்துக்குப் பின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் ஆன அவர், இரண்டாம் உலகப் போரில் 'லிபர்ட்டி' சரக்குக் கப்பல்கள் திடீரெனப் பிளந்ததற்குக் குளிரில் எஃகு நொறுங்குதன்மை அடைவதே காரணம் என்று காட்டினார்.

டெய்லரின் அறிவு எல்லா நேரமும் அமைதிக்கே பயன்பட்டதென்று கூற முடியாது. பாய்மரப் படகில் பிரியம் கொண்ட அவர், 1933இல் கலப்பை வடிவ நங்கூரம் ஒன்றை உருவாக்கினார். அது உலகெங்கும் படகுகளைக் காத்தது. அதே மனிதர் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்திலும் ஆலோசகராக இருந்து, 1945இல் முதல் சோதனை வெடிப்பை நேரில் கண்டார். இரண்டையும் சேர்த்தே அவரை நாம் எடைபோட வேண்டும்.

1944இல் சர் பட்டமும், 1969இல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதும் பெற்ற டெய்லர், 1975 ஜூன் 27இல் மறைந்தார். நம்மில் பொறியியல் பயிலும் பலருக்கு அவர் பெயர் தேர்வுத் தாளில் ஒரு சமன்பாடாக மட்டுமே தெரிந்திருக்கும். அடுத்த முறை ஒரு கம்பியை வளைக்கும்போது, கொல்லர் கைகள் உணர்ந்ததை அறிவால் விளக்கிய அந்த மனிதரையும் நினைத்துக்கொள்வோம். அன்றாடம் கண்ணில் படும் சிறு வியப்பையும் 'ஏன்' என்று கேட்டுத் தொடர்வதே அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.