வைத்தியர் தாமஸ் சிடன்ஹாம்

தொண்டை நோவு என்றால் நாம் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. உப்பு நீரைக் கொப்பளித்து, மூன்று நாளில் மறந்து விடுகிறோம். அச்சிறு நோயினின்று எத்துணைப் பெருங்கேடு விளையக்கூடும் என்பதை ஆங்கில வைத்தியர் தாமஸ் சிடன்ஹாமின் சரித்திரத்தால் அறிவோமாக.

இவர் 1624-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டார்செட் நாட்டில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் கல்வி பயிலுங்காலை உள்நாட்டுப் போர் மூளவே, ஏட்டை விடுத்துப் பார்லிமெண்டுப் படையிற் சேர்ந்தார். பின்னர் மீண்டும் கல்லூரி புகுந்து, 1648-இல் வைத்தியப் பட்டம் பெற்று, லண்டன் மாநகரில் தொழில் நடாத்தினார்.

அக்காலத்து வைத்தியர் பலர் பண்டை நூல்களையே பிரமாணமாகக் கொண்டனர். சிடன்ஹாமோ நோயாளியின் படுக்கையையே தமக்கு நூலாகக் கொண்டார். தத்துவ ஞானியாகிய ஜான் லாக் இவருடன் நோயாளிகளைக் காணச் செல்வதுண்டு. செடிகளை இனம் பிரிப்பது போல நோய்களையும் இனம் பிரித்தல் வேண்டும் என்பது இவர் கொள்கை.

1676-இல் வெளிவந்த தம் நூலில், மேனி சிவக்கும் ஸ்கார்லட் ஜுரத்தைத் தட்டம்மையினின்று வேறென விவரித்தார். மூட்டுக்கு மூட்டுத் தாவும் வாத ஜுரத்தையும் அந்நூலிற் குறித்தார். 1686-இல், சிறுவரைப் பற்றும் ஒருவகை வலிப்பை வருணித்தார். அப்பிள்ளைகள் ஒரு காலை இழுத்து நடப்பர். கை ஓரிடத்து நில்லாது. நீர்க் கிண்ணத்தை வாய்க்குக் கொணருமுன் கூத்தாடி போலப் பலவாறு கையை அசைப்பர். அந்நோய் இன்றும் இவர் பெயராலேயே வழங்குகின்றது.

ஆயினும், மூன்றும் ஒரே வேரின் கிளைகள் என்பதை இவர் அறிந்திலர். ஸ்கார்லட் ஜுரத்தை நோயென்று சொல்லவுந் தகாத எளிய பிணியாகவே எண்ணினார். பிற்காலத்தில் அதுவே கொடிதாகி எண்ணிறந்த குழந்தைகளைக் கொள்ளை கொண்டது. இஃது அவர் கண்ணின் குறையன்று. கிருமியால் நோய் வரும் என்னும் அறிவு அந்நாளில் இல்லாமையே காரணம்.

அவ்வேர் ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி. ஸ்கார்லட் ஜுரத்திற்கு அதுவே காரணமென 1923-இல் அமெரிக்காவில் டிக் தம்பதியர் நிறுவினர். தொண்டையில் அது குடிபுகுந்தால், அதனை எதிர்க்க உடல் ஆக்கிய படை, சில வாரங்களுக்குப் பின் தன் வீட்டையே தாக்குவதுண்டு. மூட்டு வீங்கும், மூளை தாக்குண்டால் அவ்வலிப்பு வரும், சிலர்க்குச் சிறுநீரகம் பழுதுறும். மூட்டு வீக்கமும் வலிப்பும் தணியும்; இருதயத்தின் வால்வில் விழுந்த வடுவோ ஆயுள் முழுதும் நிற்கக்கூடும்.

சிடன்ஹாம் நெடுநாள் கவுட் என்னும் மூட்டு நோயால் வருந்தி, 1689-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29-ஆம் நாள் லண்டனில் உயிர் நீத்தார். ஆங்கில நாட்டு ஹிப்பொகிராட்டஸ் என உலகம் அவரைப் போற்றுகின்றது.

அவர்க்குக் கிட்டாத மருந்து நமக்குக் கிட்டியுள்ளது. இக்கிருமியால் வந்த தொண்டை நோவென்று வைத்தியர் கண்டு பெனிசிலின் மாத்திரை கொடுப்பின், வலி நீங்கிய மூன்றாம் நாளே நிறுத்திவிடாது, அவர் குறித்த பத்து நாளும் உட்கொள்ளல் வேண்டும். வீட்டிலுள்ள தம்பி தங்கையர்க்கு ஜுரத்தோடு தொண்டை நோகுமாயின், எளிதென்றிராது வைத்தியரிடம் காட்டுவோமாக. அம்மேதையும் எளிதென்றெண்ணிய இடத்தில் நாம் விழித்திருத்தலே அவர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.