கிழங்கில் சர்க்கரை விளைவித்த ஆகார்டு

சர்க்கரை என்றதும் உங்களுக்குக் கரும்புதான் நினைவுக்கு வரும். கரும்பு விளையாத குளிர் நாடுகளில் சுகர்பீட் எனும் சர்க்கரைக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கிறார்கள். இது நீங்கள் அவித்துத் தின்னும் சர்க்கரைவள்ளி அல்ல; பீட்ரூட் இனம். உலகச் சர்க்கரையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதிலிருந்து கிடைக்கிறது. இதைச் சர்க்கரைப் பயிராக்கியவர் ஜெர்மனியின் பிரான்ஸ் கார்ல் ஆகார்டு.

ஆகார்டு 1753-ல் பெர்லினில் பிறந்தார். பீட் கிழங்கில் இருப்பதும் கரும்புச் சர்க்கரையும் ஒன்றே என்று அவருடைய ஆசான் மார்கிராஃப் 1747-லேயே கண்டறிந்திருந்தார். ஆனால், கிடைத்த அளவு சொற்பம். அதனால் அது ஆய்வுக்கூடத்தோடு நின்றுபோனது.

ஆகார்டு வயலில் இறங்கினார். அப்போது பீட் பெரும்பாலும் மாட்டுத் தீவனம். 1784 முதல் பெர்லினை அடுத்த தன் பண்ணையில் பல வகைக் கிழங்குகளைப் பயிரிட்டு, எந்த மண்ணில், எந்த உரத்தில் இனிப்பு கூடுகிறது என்று பார்த்தார். வெள்ளைத் தோலும் வெள்ளைச் சதையும் கொண்ட கிழங்கே சிறந்தது எனத் தேர்ந்தார். இப்பயிர் முதல் ஆண்டு கிழங்கு வைக்கும்; மறு ஆண்டுதான் பூத்து விதை தரும். ஒரு தலைமுறை விதைக்கே இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்!

1799-ல் பிரஷ்ய மன்னரிடம் உதவி கேட்டார். அரசு உதவியுடன் சைலீசியாவின் குனெர்ன் கிராமத்தில் பண்ணை வாங்கி, உலகின் முதல் பீட் சர்க்கரை ஆலையை நிறுவினார். 1802-ல் உற்பத்தி தொடங்கியது. சாறு பிழிந்த சக்கை மாடுகளுக்கு, கழிவுப்பாகு சாராயம் காய்ச்ச என எதையும் வீணாக்காத வழிகளையும் சொன்னார். சக்கையும் பாகும் இன்றும் அப்படியே பயன்படுகின்றன.

1807-ல் போர்க்காலத்தில் ஆலை எரிந்துபோனது. நெப்போலியன் காலத்துக் கடல் முற்றுகையால் ஐரோப்பாவில் கரும்புச் சர்க்கரை அரிதாகவே, 1811-ல் பிரான்சில் பெரும் பரப்பில் பீட் பயிரிட உத்தரவானது. பயிர் பரவியது, ஆகார்டு மட்டும் கடனிலிருந்து மீளவில்லை. 1821-ல் வறுமையில் இறந்தார்.

அவர் தேர்ந்த சைலீசிய வெள்ளைக் கிழங்கே இன்றைய சர்க்கரைக் கிழங்கு ரகங்களின் மூதாதை. அன்று 5, 6 சதவீதமாக இருந்த சர்க்கரை, தொடர்ந்த தேர்வால் இன்று 16 சதவீதத்துக்கும் மேல்.

நாட்டு ரகங்களில் அடுத்த போகத்துக்கு விதை எடுக்கும்போது, களத்தில் குவித்த பிறகு அள்ளாதீர்கள். பயிர் நிற்கும்போதே வயலில் இறங்கி, நல்ல செடியைக் குறித்து வையுங்கள். ஆகார்டு செய்ததும் அதைத்தான்.