கண்ணிழந்தும் கடமை மறவாத வணிகர்

கிராம்பும் சாதிக்காயும் நம் கடைகளில் நாள்தோறும் புழங்கும் சரக்குகள். அவற்றின் தாயகமான மலுக்குத் தீவுகளில், வாணிப அலுவலுக்கிடையே செடி கொடிகளை வகைப்படுத்தி அவற்றின் பெயர்களைத் திரட்டிய ஒருவரின் வரலாற்றை வணிகராகிய நாம் அறிந்திருப்பது நலம். அவர்தாம் ரும்பியஸ்.

1627-ம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்த இவர், டச்சுக் கிழக்கிந்தியக் கும்பெனியில் சிப்பாயாகச் சேர்ந்து 1653-ல் பத்தாவியா வந்திறங்கினார். பின்னர் அம்போன் தீவை அடைந்து, 1657-ல் படையை விட்டு வாணிபப் பகுதிக்கு மாறினார். ஓய்வு நேரமெல்லாம் காடு கரைகளில் அலைந்தார். உண்ணத்தகும் கனி தரும் மரங்கள், வாசனை மரங்கள், காட்டு மரங்கள், கொடிகள், பூண்டுகள் எனப் பிரித்தெழுதினார். ஒவ்வொன்றுக்கும் லத்தீன் பெயரோடு மலாய், அம்போன் மொழிப் பெயர்களையும் சேர்த்தார். தீவு மக்களிடம் கேட்டறிய அவர் வெட்கப்பட்டதில்லை; பூரு தீவின் இமாம் ஒருவரும் அவருக்குப் போதித்தவர்களுள் அடங்குவார்.

1670-ல், 43 வயது நிறையுமுன்பே, இரு கண்களும் ஒளியிழந்தன. கும்பெனி அவருக்குச் சம்பளத்தை நிறுத்தாமல் எழுத்தர்களையும் அளித்தது. அவர்களுக்கு லத்தீன் தெரியாததால், அதுவரை லத்தீனில் எழுதியதை டச்சு மொழியில் புதிதாகத் தொடங்கி, வாயால் சொல்லி எழுதுவித்தார்.

சோதனை அத்துடன் தீரவில்லை. 1674 பிப்ரவரி 17-ம் தேதி நேர்ந்த பெரும் பூகம்பத்தில் மனைவி சூசன்னாவையும் மகளையும் இழந்தார். வெண்ணிறப் பூவொன்றை முதன்முதல் தமக்குக் காட்டிக் கொடுத்தவர் அம்மனைவியே என்பதை நினைந்து, அதற்குச் சூசன்னா பூ என்று பெயரிட்டார். 1687-ல் அம்போனில் மூண்ட தீ, அவருடைய நூல்களையும் செடிகளின் ஓவியங்களையும் சாம்பலாக்கியது. மகனும் வேறு ஓவியர்களும் மீண்டும் வரைந்தனர். 1692-ல் கையெழுத்துப் பிரதியின் முதற் பகுதி ஹாலந்துக்கு அனுப்பப்பட்டது. அதை ஏற்றிச் சென்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர் மூழ்கடித்தனர். பத்தாவியாவின் கவர்னர் ஜெனரல் முன்யோசனையுடன் ஒரு நகல் எடுத்து வைத்திருந்ததால் நூல் பிழைத்தது.

ஆயினும், போட்டி வணிகருக்குப் பயன்படுமென அஞ்சிக் கும்பெனி அதை அச்சிட விடவில்லை. 1702-ல் ரும்பியஸ் காலமானார். சுமார் 1,200 தாவரங்களை விவரிக்கும் அம்போன் மூலிகை நூல் 1741 முதல் 1750 வரை ஆறு பாகங்களாகவும், பிற்சேர்க்கை 1755-லும் வெளிவந்தன. தாவரங்களுக்கெல்லாம் இருசொற் பெயர் வழங்கும் முறையை 1753-ல் நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸ், சூசன்னா என்ற பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டார். இன்றும் தாவர நூல்களில் அப்பூ அப்பெயராலேயே வழங்குகிறது.

கும்பெனி பொத்தி வைத்த வாணிப இரகசியங்களும் கும்பெனியும் மறைந்துவிட்டன. கண் தெரியாத அதன் ஊழியர் சேகரித்த பெயர்களோ நிலைத்துவிட்டன. சரக்கின் விலையை அறிவதோடு நில்லாமல், அது விளையும் மண்ணையும், அதைப் பேணும் மக்கள் இட்ட பெயரையும் கேட்டறிந்து எழுதி வைப்பதும் வணிகர்க்கு அழகு என்பதை அன்னாரின் வாழ்விலிருந்து நாம் கற்றுக்கொள்வோமாக.