மடித்த தாளில் சிந்தித்த பேராசிரியர்

எண்ணக்கரு வரைபடம், மனவரைபடம் என்பன இன்று எமது ஆசிரியர்களுக்குப் புதிய சொற்களல்ல. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ தமிழ் மொழிமூல வகுப்பறையொன்றினுள் நுழைவோர், கட்டங்களும் அம்புக்குறிகளும் நிறைந்த தாளொன்று சுவரில் தொங்குவதைக் காணக்கூடும். இவ்வழிமுறை அமெரிக்காவிலிருந்து அண்மையில் வந்ததென்றே பலரும் கருதுகின்றனர். கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவரது குழுவினரும் 1972 இல் எண்ணக்கரு வரைபடத்தை உருவாக்கினர் என்பது உண்மையே. ஆயினும், அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே, கண்கள் கட்டப்பட்டு இருட்டறையில் கிடந்த இளைஞர் ஒருவர் கட்டங்களைக் கொண்டு சிந்திக்கும் முறையொன்றைக் கண்டறிந்திருந்தார். அவர் பின்னாளில் எமது கொழும்பு மாநகருக்கும் திட்டம் வகுத்தவர் என்பதனாலேயே இங்கு அவரை நினைவுகூருகின்றோம்.

பற்றிக் கெடிஸ் 1854 ஒக்டோபர் 2 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் பலட்டர் என்னும் ஊரிற் பிறந்தார். லண்டனில் பேரறிஞர் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பரீட்சை எழுதிப் பட்டம் பெறுவதில் அவருக்கு நாட்டமிருக்கவில்லை. இறுதிவரை பட்டமெதுவும் பெறாமலே பேராசிரியரானார். பரீட்சைப் பெறுபேறே பிள்ளையின் தலைவிதி என்றாகிவிட்ட எமது சமூகத்தில் இதனைச் சற்றுத் தயக்கத்துடனேயே எழுத வேண்டியுள்ளது.

1879 இல் ஆய்வுப் பணிக்காக மெக்சிக்கோ சென்றபோது அவரது பார்வை பாதிக்கப்பட்டது. வாரக்கணக்கில் இருளில் இருக்கும்படி மருத்துவர்கள் பணித்தனர். நுணுக்குக்காட்டியே வாழ்வென்றிருந்த உயிரியலாளருக்கு அது பேரிடி. அவ்வறையின் சாளரச் சட்டங்களைக் கையால் தடவிக்கொண்டிருந்த வேளையில், ஒவ்வொரு கண்ணாடிச் சதுரத்திலும் ஓர் எண்ணத்தை வைத்து, அவற்றிடையேயான தொடர்பைத் தேடலாமென்று அவருக்குத் தோன்றியது. பார்வை மீண்ட பின்னரும் பழக்கம் விடவில்லை. தாளொன்றை எடுத்து மடிப்பார். விரித்தால் ஒன்பது கட்டங்கள். சிந்தனை இயந்திரங்கள் என்று அவற்றுக்குப் பெயரிட்டார்.

அதன் செயற்பாடு எளியது. மூலைவிட்டத்தில் அமையும் மூன்று கட்டங்களில் இடம், தொழில், மக்கள் என எழுத வேண்டும். பிரெஞ்சு அறிஞர் லெ பிளேயிடமிருந்து பெற்ற மும்மை இது. எஞ்சிய ஆறு கட்டங்களும் இவை ஒன்றோடொன்று சந்திக்கும் இடங்களாகும். முகத்துவாரத்து மீனவரை எடுத்துக்கொள்வோம். கடல் இடம், மீன்பிடி தொழில், மீனவர் மக்கள். இடமும் தொழிலும் கூடுமிடத்தில் வாடி வரும். இடமும் மக்களும் கூடுமிடத்தில் குடியிருப்பு வரும். தொழிலும் மக்களும் கூடுமிடத்தில் சம்மாட்டியும் கூலியாளும் வருவர். நிரப்ப முடியாத கட்டம் மாணவனின் முன் ஒரு வினாவாக நிற்கும். மனனம் செய்த குறிப்பு ஒருபோதும் அவ்வாறு வினவுவதில்லை.

1909 அளவில் அவர் வரைந்த பள்ளத்தாக்கு வெட்டுமுகம் மேலும் புகழ்பெற்றது. மலையுச்சியிலிருந்து கடல்வரை சரியும் ஒரே கோடு. அதன்கீழ் சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுபவர், வேட்டுவர், இடையர், உழவர், மீனவர் எனத் தொழில்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று கற்று வளர்ந்த எமக்கு இது புதுமையன்று. திணைகளையும் முதல், கரு, உரிப் பொருள்களையும் கரும்பலகையில் அட்டவணையிடாத தமிழாசிரியர் உண்டா? தொல்காப்பியர் பாலைக்கு நிலம் வகுக்காது விட்டார். அந்த வெற்றுக் கட்டமே, முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்ததே பாலை என்னும் விளக்கத்தைப் பின்னாளில் இளங்கோவடிகளிடமிருந்து வருவித்தது.

கெடிஸின் கோட்டை நாம் களனி கங்கைக்கும் வரையலாம். சிவனொளிபாத மலைத்தொடரில் ஊற்றெடுத்து ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி மட்டக்குளிக்கு அருகே கடலில் கலக்கும் ஆறு அது. மேலே தேயிலை, அதன்கீழ் இறப்பர், பின்னர் வயல், இறுதியில் துறைமுகமும் மீன்பிடியும். மலையகத்து உறவினரைக் கொண்ட கொட்டாஞ்சேனைச் சிறுமி தனது குடும்பத்தின் வரலாற்றையே அக்கோட்டில் குறித்துவிடுவாள்.

டண்டி பல்கலைக்கழகக் கல்லூரியில் 1888 முதல் 1919 வரை தாவரவியற் பேராசிரியராக இருந்தபோது கோடைப் பருவத்தில் மட்டுமே கற்பித்தார். ஏனைய மாதங்களில் எடின்பரோவின் பழைய குடியிருப்புகளைச் சீர்செய்தார். அங்கே 1892 இல் பொறுப்பேற்ற கோபுரமொன்றையும் ஒரு வரைபடமாகவே மாற்றினார். உச்சியில் நகரின் காட்சி. மாடி மாடியாக இறங்குகையில் எடின்பரோ, ஸ்கொட்லாந்து, ஐரோப்பா, உலகம் எனப் பார்வை விரியும்.

1914 இல் நகரமைப்புக் கண்காட்சிப் பொருட்களுடன் இந்தியா புறப்பட்டார். அவர் வேறு கப்பலில் வர, பொருட்களை ஏற்றிவந்த கிளான் கிராண்ட் கப்பலை ஜேர்மனியின் எம்டன் மூழ்கடித்தது. சென்னையைக் குண்டுவீசித் தாக்கி, தமிழ்ப் பேச்சுவழக்கிலேயே இடம்பிடித்துவிட்ட அதே எம்டன்தான். நண்பர்கள் மீண்டும் திரட்டியனுப்பிய படங்களைக் கொண்டு 1915 இல் சென்னையில் கண்காட்சி நடந்தேறியது. தஞ்சாவூர், மதுரை ஆகிய நகர்களைக் கால்நடையாகச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளாமல், வேண்டிய இடத்தில் மாத்திரம் கத்தி வைக்கும் வைத்தியரைப் போன்று திருத்த வேண்டுமென்பதே அவரது கொள்கை. 1919 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். கொழும்பு நகரமைப்புக்கான அவரது ஆரம்ப அறிக்கை 1921 இல் வெளியாயிற்று. கீழைத்தேயத்தின் பூங்கா நகர் என்று கொழும்பை அழைக்கும் வழக்கு அவரது திட்டத்தோடு இணைத்தே பேசப்படுகிறது. அப்பெயருக்கு இன்று நாம் எவ்வளவு தகுதியுடையோம் என்பது வேறு விடயம்.

அவரது காட்சிக் கல்வியின் உச்சம் இந்தூரில் நிகழ்ந்தது. கொள்ளைநோய் பீடித்த அந்நகரில் தீபாவளியன்று ஊர்வலமொன்றை ஒழுங்கு செய்தார். மிகத் துப்புரவான தெருக்களின் வழியாகவே அது செல்லுமென அறிவிக்கப்பட்டதும் நகரமே துடைப்பமெடுத்தது. அழுக்கரக்கனும் பெரிய எலியும் உருவங்களாகப் பவனி வந்தன. நகர சுத்தித் தொழிலாளர்கள் வெள்ளாடையும் மாலையும் அணிந்து நடந்தனர். எழுத்தறியாத மக்களுக்கு நோயின் காரணத்தை விளக்க இதனினும் சிறந்த பாடமுண்டோ?

1917 அவருக்குக் கொடிய ஆண்டு. மூத்த மகன் அலஸ்டெயார் பிரான்சின் போர்க்களத்தில் மாண்டான். இந்தியாவில் நோயுற்றிருந்த மனைவி அன்னாவிடம் அச்செய்தியை மறைத்தார்; அவரும் அதனை அறியாமலே அவ்வாண்டில் கண்மூடினார்.

குறையொன்றையும் கூறாமல் விடுவதற்கில்லை. கெடிஸ் தாடிக்குள் முணுமுணுக்கும் பேச்சாளர். வயதேற ஏற அவரது கட்டங்கள் பெருகின. முப்பத்தாறு கட்டங்கள் கொண்ட வரைபடத்தை மாணவர் முன் விரித்துவைத்து, அதனை அவர்கள் அப்படியே ஏற்க வேண்டுமென எதிர்பார்த்தார். அவரைக் குருவாகக் கொண்ட லூயிஸ் மம்போர்டே அதில் மனமொட்டவில்லை. தாளை மடித்தவருக்கு அது சிந்தனை. பார்த்து எழுதியவருக்கோ இன்னொரு பாடக்குறிப்பு. எமது தனியார் கல்வி நிலையங்களில் ஆசிரியர் வரைந்த படத்தை நூறு பிள்ளைகள் கொப்பியில் பிரதி செய்யும்போது நடப்பதும் இதுவே. பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லையென்று ஆசிரியர்கள் கூறுவதில் நியாயமுண்டு. எனினும் வெறுந்தாளைப் பிள்ளையிடம் கொடுத்து, அவள் தடுமாறுவதைப் பொறுமையோடு பார்த்திருக்கும் அந்தப் பத்து நிமிடங்களுக்கு மாற்று வழியெதனையும் நாம் அறியோம்.

முன்னர் மறுத்திருந்த சேர் பட்டத்தை 1932 இல் ஏற்றுக்கொண்ட கெடிஸ், அவ்வாண்டு ஏப்ரல் 17 ஆம் திகதி பிரான்சின் மொன்பெலியே நகரில் காலமானார். அவரது ஆவணங்கள் கிளாஸ்கோவிலுள்ள ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்திலும் பிறவிடங்களிலும் பேணப்படுகின்றன. அவற்றுள் மடிப்புக்கோடு விழுந்த தாள்களும் இருக்கின்றன.