பிரசவ வைத்தியர் ஸெம்மெல்வைஸ்

கைகளைக் கழுவிய பின்னரே வைத்தியர் நோயாளியைத் தொடுதல் வேண்டும் என்பது இக்காலத்தில் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. இச்சிறு செய்தியை உலகம் ஒப்புக்கொள்ளுமுன் எத்தனை ஆயிரம் தாய்மார் மடிந்தனர் என்பதையும், அதனை எண்ணிக் கணக்கிட்டு மெய்ப்பித்த பெரியார் எத்தகைய முடிவை எய்தினார் என்பதையும் அறிந்தோர் சிலரே. ஆகலின் இக்னாஸ் பிலிப் ஸெம்மெல்வைஸ் என்னும் அவ்வைத்தியரின் சரித்திரத்தை நம் மாணவ நண்பர்க்கு ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

ஹங்கேரி நாட்டில் டான்யூப் நதிக்கரையிலுள்ள பூடா நகரின் டாபான் என்னும் பகுதியில், 1818-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் மளிகை வாணிகத்தால் செல்வம் ஈட்டியவர். மக்கள் பலரை உடையவர். அந்நாளில் ஹங்கேரி ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்குட்பட்டிருந்தமையால், மேற்கல்வி விரும்பிய இளைஞர் வியன்னா மாநகரை நாடிச் செல்வது வழக்கம். ஸெம்மெல்வைஸும் 1837-இல் சட்டம் பயிலும் நோக்கத்தோடு அங்குச் சென்றார். ஓராண்டிற்குள் சட்டத்தைக் கைவிட்டு மருத்துவத்தைக் கைக்கொண்டார். 1844-இல் பட்டம் பெற்றார். உள்நோய் மருத்துவத்தில் தாம் விரும்பிய இடம் கிடைக்கவில்லை. ஆகவே பிரசவ மருத்துவத்தை மேற்கொண்டார். 1846 ஜூலையில், வியன்னாப் பொது வைத்தியசாலையின் முதற் பிரசவப் பிரிவில், பேராசிரியர் கிளைன் என்பாரின் கீழ் உதவியாளராக அமர்ந்தார்.

இப்பிரசவ சாலையின் தன்மையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். செல்வர் வீட்டு மாதர் அக்காலத்தில் வைத்தியசாலையை அணுகுவதில்லை. தத்தம் இல்லத்திலேயே பிள்ளை பெறுவர். பொது வைத்தியசாலைக்கு வந்தோர் கூலிவேலை செய்வோரும், பணிப்பெண்களும், மணமாகாது கருவுற்றுப் புகலிடமின்றித் தவித்தோருமே. அவர்க்கு அங்குச் செலவின்றிப் பிரசவம் பார்க்கப்பெற்றது. பிறந்த குழவியை அநாதைக் குழந்தைகள் விடுதியில் விடும் உரிமையும் உண்டு. இவ்வுதவிக்கு ஈடாக அவர்தம் உடலை மாணாக்கர் பாடம் கற்கும் பொருளாக அளித்தல் வேண்டும். கையிற் பொருளில்லாதார் இவ்வாறே விலை கொடுத்தனர்.

சாலை இரு பிரிவுகளை உடையது. 1840 முதல் முதற்பிரிவு மருத்துவ மாணாக்கர்க்கும், இரண்டாம் பிரிவு மருத்துவச்சி வேலை கற்கும் பெண்களுக்கும் உரியதாயிற்று. வருவோரை ஒருநாள் ஒரு பிரிவிலும் மற்றொரு நாள் மற்றதிலுமாக முறைவைத்து ஏற்றனர். ஆகவே ஓர் ஏழைத் தாய் எப்பிரிவிற் புகுவாள் என்பது அவளுக்கு நோவு கண்ட கிழமையைப் பொறுத்தது. அவள் உயிர் பிழைப்பதும் அதனையே பொறுத்திருந்தது என்பதுதான் கொடுமை.

1841 முதல் 1846 முடிய ஆறாண்டுகளில் முதற்பிரிவிற் பிரசவித்தோர் 20,042 பேர். அவருள் இறந்தோர் 1,989 பேர். அதே காலத்தில் இரண்டாம் பிரிவிற் பிரசவித்தோர் 17,791 பேர். இறந்தோர் 691 பேர். ஒன்றில் நூற்றுக்குப் பத்து. மற்றதில் நூற்றுக்கு நான்கினும் சிறிது குறைவு. இதிலும் ஒரு மறைப்பு உண்டு. முதற்பிரிவில் நோய் முற்றிய பலரைப் பொது வார்டுகளுக்கு மாற்றிவிட்டமையால், அங்கு மாண்டவர் இக்கணக்கில் ஏறவில்லை. உண்மை இதனினும் கொடிது.

இவரைக் கொன்றது பிரசவ ஜுரம். பிள்ளை பெற்ற சில நாட்களுள் நடுக்கமும் கடுஞ்சுரமும் தோன்றும், வயிறு வீங்கும், நினைவு தடுமாறி உயிர் பிரியும். குழவிகளும் பல உடன் மாண்டன. முதற்பிரிவின் பெயர் நகரமெங்கும் பரவியிருந்தது. தாம் வந்த நாள் அப்பிரிவிற்குரிய நாளென்று அறிந்த பெண்கள் முழந்தாளிட்டுக் கைகளைப் பிசைந்து, தம்மை வெளியே விட்டுவிடுமாறு கதறினர் என ஸெம்மெல்வைஸ் பின்னர் எழுதியுள்ளார். வேறு சிலர் தெருவிலேயே பிள்ளையைப் பெற்றுவிட்டு, வரும் வழியில் எதிர்பாராது பிறந்ததெனக் கூறிச் சாலைக்கு வந்தனர். அவ்வாறு வந்தால் குழந்தைக்குரிய உதவியை இழவார், மாணாக்கர் பரிசோதனைக்கும் உட்படார். வியப்பு யாதெனின், தெருவிற் பெற்ற இப்பெண்கள் முதற்பிரிவிற் பெற்றோரைப்போல இறக்கவில்லை. வைத்தியம் பெற்றோர் மடிய, பெறாதோர் பிழைத்தனர். கல்லாத அவ்வேழை மாதர் கண்டறிந்த இவ்வுண்மையைக் கற்ற பேராசிரியர் காணாதது ஏன் என்பதை நம் வாசகர் சிந்திக்கலாம்.

பேராசிரியர் காரணங் கூறாமல் இல்லை. காற்றிற் பரவிய ஏதோ நச்சுத்தன்மை என்றனர். ஒரே காற்று இரு பிரிவின்மேலும் வேறுவேறாக வீசுமோ என வினவினாரில்லை. நெருக்கம் என்றனர், பெண்கள் விரும்பி நாடிய இரண்டாம் பிரிவிலேயே நெருக்கம் மிகுதி. ஆடவர் தொடுவதால் உண்டாகும் நாணமும் அச்சமும் என்றனர். மரணத்தறுவாயிலுள்ளார்க்குச் சடங்கு செய்ய வரும் குருவானவரின் மணியோசை கேட்டு நடுங்கியே நோயுறுகின்றனர் என்றுங்கூடச் சொல்லப்பட்டது. அயல்நாட்டு மாணாக்கரின் முரட்டுக் கைகளே காரணமென ஒரு குழு முடிவுசெய்து, அவர் தொகையைக் குறைத்தது. ஸெம்மெல்வைஸ் ஒவ்வொன்றையும் சோதித்தார். மணியடிப்பதை நிறுத்தச் செய்தார். இரண்டாம் பிரிவிற்போலவே பெண்களை ஒருக்களித்துப் படுக்கச் செய்து பிரசவம் பார்த்தார். மரணம் குறையவில்லை.

1847 மார்ச்சு மாதம் அவர் வெனிஸ் நகர் சென்று திரும்பியபோது, தம் நண்பரும் சட்ட மருத்துவப் பேராசிரியருமாகிய கொல்லெட்ஷ்கா இறந்துவிட்ட செய்தி காத்திருந்தது. பிரேத பரிசோதனையின்போது ஒரு மாணாக்கன் கையிலிருந்த கத்தி அவர் விரலிற் பட்டது. அப்புண்ணே நோயாகி உடலெங்கும் பரவிற்று. அவருடைய சவத்தைச் சோதித்த குறிப்பைப் படித்த ஸெம்மெல்வைஸ் திடுக்கிட்டார். பிரசவ ஜுரத்தால் மாண்ட பெண்களின் உடலில் தாம் நாள்தோறும் கண்ட மாறுதல்களே அதில் எழுதப்பட்டிருந்தன! நண்பரைக் கொன்றது கத்தியிற் படிந்திருந்த சவப்பொருள் என்றால், தாய்மாரைக் கொல்வதும் அதுவே. அதனைக் கொண்டுசெல்வது எது? காலையிற் சவ அறையில் அறுத்துச் சோதித்துவிட்டு, அங்கிருந்து நேரே பிரசவ வார்டிற்கு வந்து பெண்களைப் பரிசோதிக்கும் மாணாக்கர் கைகளே. மருத்துவச்சிகள் சவத்தைத் தொடுவதில்லை. அவர்தம் பிரிவு பிழைத்ததும் அதனாலேதான். பழைய பதிவேடுகளும் இதற்குச் சான்றாயின. கிளைனுக்கு முன் தலைமை வகித்த போயர் என்பார் சவத்தை வைத்துப் பிரசவ பாடம் நடத்தாதவர். அவர் காலத்தில் இறந்தோர் நூற்றுக்கு ஒருவர் அளவினரே.

இதனைக் கண்டறிந்தவர்க்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. ஏனெனில் நாள்தோறும் தவறாது சவ அறை புகுந்து, மற்றெவரினும் மிகுதியாக அறுத்துச் சோதித்தவர் அவரே. தம் கையால் எத்தனை பெண்கள் இறந்தனர் என்பதைக் கடவுளே அறிவார் என்னும் கருத்துப்பட அவர் தம் நூலில் எழுதியுள்ளார். இங்ஙனம் தம்மைத்தாமே குற்றவாளியாக நிறுத்திய வைத்தியர் உலக வரலாற்றில் மிகச் சிலர்.

சோப்பு நீராற் கழுவியபின்னும் கையில் சவநாற்றம் நின்றமையால், அந்நாற்றத்தைப் போக்குவது எதுவோ அதுவே நஞ்சையும் போக்கும் எனக் கருதி, 1847 மே மாத நடுவில் குளோரின் கலந்த நீரை வாயிலில் வைத்து, வார்டிற் புகுவோர் அனைவரும் அதிற் கைகழுவுமாறு கட்டளையிட்டார். பின்னர் விலை மலிவான குளோரின் சுண்ணாம்பைப் பயன்படுத்தினார். ஏப்ரலில் 312 பிரசவங்களுக்கு 57 பேர் இறந்திருந்தனர். ஜூனில் 268-க்கு 6 பேர். ஜூலையில் 250-க்கு 3 பேர். அக்டோபரில் ஓர் இடர் நேர்ந்தது. கருப்பையிற் புற்றுநோயுற்ற ஒருத்தியை முதலிற் பரிசோதித்துவிட்டு, நடுவே குளோரின் நீரிற் கழுவாமல் அடுத்தடுத்துப் பரிசோதிக்கப்பட்ட பன்னிருவருள் பதினொருவர் இறந்தனர். சவம் மட்டுமன்று, உயிருள்ளவரின் அழுகிய புண்ணும் நஞ்சாம் என்பது இதனால் தெளிந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே கழுவுதல் விதியாயிற்று. 1848-ஆம் ஆண்டு முழுவதிலும் 3,556 பிரசவங்களுக்கு இறந்தோர் 45 பேரே. மார்ச்சு, ஆகஸ்டு மாதங்களில் ஒருவரும் இறக்கவில்லை.

உலகம் உடனே அவரைக் கொண்டாடியிருக்கும் என வாசகர் எண்ணக்கூடும். ஸ்கோடா, ஹெப்ரா, ரோகிடான்ஸ்கி ஆகிய வியன்னா அறிஞர் மூவரும் துணைநின்றது உண்மையே. கீல் நகரப் பேராசிரியர் மிகேலிஸ் இம்முறையைக் கையாண்டு அதன் உண்மையைக் கண்டார். தம் உறவினள் ஒருத்தி தம் கையாலேயே இறந்தாள் என்னும் துயரம் தாங்காது 1848-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். ஏனையோரிற் பெரும்பாலார் செவிசாய்க்கவில்லை. ஒரு நோய்க்குப் பல காரணம் என்பதே அந்நாளைய கொள்கை. ஒரே காரணம் என்றது நகைப்பிற்கிடமாயிற்று. அன்றியும், வைத்தியர் கையே கொலைக்கருவி என்பதை எந்த வைத்தியர் எளிதில் ஒப்புவர்? அவர் நிலை உயர்குடி நிலை. இறந்தோரோ கேட்பாரற்ற ஏழைகள். அரண்மனைப் பெண்கள் இவ்வாறு மடிந்திருப்பின் அவ்விசாரணை இருபது ஆண்டு காத்திருந்திராது என்பது நம் துணிபு.

ஸெம்மெல்வைஸ்பாலும் குறையுண்டு, அதனை மறைத்தல் நேர்மையாகாது. அவர் எழுதுவதை வெறுத்தார். கண்டுபிடித்த ஆண்டிலேயே தெளிவான நூலொன்றை வெளியிட்டிருப்பின் பயன் மிகுந்திருக்கும். அவருக்காக ஹெப்ரா சுருங்க எழுதிய குறிப்புக்களைப் படித்த அயல்நாட்டார் பலர், அவர் கருத்தைப் பழைய தொற்றுக்கொள்கை என்றே பிறழ உணர்ந்தனர். 1849 மார்ச்சில் அவர் பதவிக்காலம் முடிந்தது. கிளைன் அதனை நீட்டித்தாரில்லை. 1850 அக்டோபரில் பாடஞ்சொல்லும் உரிமை ஒன்று கிட்டியது. ஆயினும் பொம்மை உருவைக்கொண்டே கற்பித்தல் வேண்டுமென்று அது வரையறுக்கப்பட்டிருந்தது. இதனைப் பொறாது, நண்பர்க்கும் சொல்லாமல், சில நாட்களிலேயே அவர் வியன்னாவைத் துறந்து பெஸ்டு நகரை அடைந்தார்.

அங்குப் புனித ரோக்கு வைத்தியசாலையில் 1851 முதல் ஊதியமின்றிப் பிரசவ வார்டை மேற்பார்த்தார். ஏறத்தாழ ஆறாண்டுகளில் 933 பிரசவங்களுக்குப் பிரசவ ஜுரத்தால் இறந்தோர் எண்மரே. 1855-இல் பெஸ்டு சர்வகலாசாலையிற் பேராசிரியரானார். அங்கே கைகள் மட்டுமல்ல, படுக்கை விரிப்புக்களும் பகையாய் நின்றன. முன்னவள் உதிரம் படிந்த துணியிலேயே அடுத்தவளைக் கிடத்தும் வழக்கத்தை ஒழிக்க நிர்வாகிகளோடு ஓயாது போராடினார். 1857-இல் மணம் புரிந்தார். ஐந்து மக்களுள் இருவரைச் சிசுப்பருவத்திலேயே இழந்தார். அவ்வாண்டில் ஸூரிக் நகரம் பேராசிரியர் பதவி தந்து அழைத்தும் அவர் செல்லவில்லை.

1861-இல் ஒருவாறு அவருடைய பெருநூல் வெளிவந்தது. அட்டவணைகள் நிறைந்த அந்நூல் படிக்க எளிதன்று. எதிரிகளைச் சாடும் பகுதியும் நீண்டது. மதிப்புரைகள் பெரும்பாலும் பாதகமாயின. பெர்லின் நகர் விர்ஷோ போன்ற பேரறிஞரும் ஏற்கவில்லை. சினம் முற்றிய ஸெம்மெல்வைஸ் ஐரோப்பியப் பேராசிரியர்க்குப் பகிரங்கக் கடிதங்கள் வரைந்து, கைகழுவாதவரைக் கொலையாளிகள் என்றே அழைத்தார். இக்கடிதங்கள் நண்பரையும் அகற்றின. ஆயினும், இறந்தோர் கணக்கை மனத்திற் சுமந்தவர் மென்சொற் கூறவில்லையென்று அவரைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை.

1865-இல் அவர் நடத்தையில் பெரும் மாறுதல் தோன்றியது. அது எந்நோயால் விளைந்தது என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்தொற்றுமை இல்லை. ஜூலை மாத இறுதியில், ஹெப்ராவின் புதிய வைத்திய விடுதியைக் காணலாம் என்று சொல்லி அவரை வியன்னாவிற்கு அழைத்துவந்து, சித்தப்பிரமை கொண்டோர் சாலையில் விட்டனர். உண்மை உணர்ந்து வெளியேற முயன்றவரைக் காவலர் பலர் சேர்ந்து அடித்து, கைகளைப் பிணிக்கும் சட்டையிட்டு, இருட்டறையில் அடைத்தனர். இருவாரங்களில், ஆகஸ்டு 13-ஆம் நாள், தம் நாற்பத்தேழாம் வயதில் உயிர் நீத்தார். முன்னமே செய்த அறுவையிற் பட்ட விரற்காயமே காரணமென நெடுங்காலம் எழுதிவந்தனர். பின்னர் வெளிப்பட்ட பதிவுகளை நோக்கினால் காவலர் அடித்த காயங்களே அழுகி நஞ்சேறின எனக் கொள்ளவேண்டியுள்ளது. எவ்வாறாயினும் முடிவு ஒன்றே: தாய்மாரையும் கொல்லெட்ஷ்காவையும் கொன்ற அதே உதிரநஞ்சு அவரையும் கொன்றது. புகலற்ற கர்ப்பிணிக்கு நேர்ந்தது போலவே, புத்தி தடுமாறிய நோயாளிக்கும் காக்கவேண்டிய சாலையிலேயே மரணம் நேர்ந்தது. அடக்கத்திற்கு வந்தோர் மிகச் சிலர். இறந்த உறுப்பினரைக் குறித்து நினைவுரை நிகழ்த்தும் வழக்கமுடைய ஹங்கேரி வைத்தியர் சங்கமும் அவரைப்பற்றி ஒன்றும் பேசவில்லை.

அவர் இறப்பதற்கு முந்தின நாள், ஆகஸ்டு 12-இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் லிஸ்டர் என்னும் வைத்தியர் கால் முறிந்த சிறுவன் ஒருவனின் புண்ணைக் கார்பாலிக் திராவகம் தோய்ந்த துணியாற் கட்டினார். ஸெம்மெல்வைஸின் பெயர் அப்பொழுது அவருக்குத் தெரியாது. 1879-இல் பாரிஸ் நகரில் பாஸ்டர், பிரசவ ஜுரத்தை விளைவிக்கும் கிருமியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். 1891-இல் ஸெம்மெல்வைஸின் எலும்புகளைப் புடாபெஸ்டுக்குக் கொண்டுவந்தனர். 1964-இல் அவை டாபானில் அவர் பிறந்த வீட்டிலேயே வைக்கப்பெற்றன. அவ்வீடு இப்போது மருத்துவ வரலாற்றுக் காட்சிசாலையாக உள்ளது.