சந்தனம் என்று பெயர் பெற்ற ஓவியர்



விழா மலர் என்றால் காந்தியடிகள், பாரதியார் என்று பெரியோர் வரலாறு ஒன்று இருக்கும். இந்த முறை நான் ஓர் ஓவியரைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம் இனத்தவரும் அல்லர், சீனப் பெண்மணி. ஏன் சார் இவரை எடுத்தீங்க என்று கேட்பீர்கள். ரம்புத்தான்தான் காரணம்.

சென்ற பழக்காலத்தில் ஐந்தாம் ஆண்டு ஓவிய வகுப்புக்கு ஒரு கொத்து ரம்புத்தான் கொண்டு போனேன். மேசைமேல் வைத்து, பார்த்து வரையுங்கள் என்றேன். பாதிப் பிள்ளைகள் என்ன வரைந்தார்கள் தெரியுமா? ஆப்பிள்! உருண்டையாக ஒரு சிவப்புப் பழம், மேலே ஒரு பச்சை இலை. கண் முன்னால் முடி சிலிர்த்துக்கொண்டு கிடக்கிற பழத்தை விட்டுவிட்டு, புத்தகத்தில் பார்த்த பழத்தைப் போட்டு வைத்தார்கள். வீட்டு வாசலில் மரம் நிற்கிற பிள்ளைகள் அவர்கள். அன்றைக்குத்தான் ஜார்ஜெட் சென் அம்மையாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

அம்மையார் 1906-ஆம் ஆண்டு பிறந்தவர். சாங் லீயிங் என்பது சீனப் பெயர். தந்தையார் பழம்பொருள் வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தவர். சீனத் தலைவர் சன் யாட் சென்னின் புரட்சிக்குப் பணம் கொடுத்து உதவியவர். பாரிஸ், நியூயார்க், சாங்காய் என்று மூன்று பெருநகரங்களில் இந்தப் பெண் வளர்ந்தார். 1926-இல் நியூயார்க்கில் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். மறு ஆண்டே பாரிஸ் நகருக்குப் போய் அங்கே படிப்பைத் தொடர்ந்தார். 1930-இல் பாரிஸின் புகழ்பெற்ற இலையுதிர்காலக் கண்காட்சியில் அவர் ஓவியம் இடம்பெற்றது. அப்போது அவர் இருபதுகளில்தான் இருந்தார்.

அதே 1930-இல் திருமணம். மணமகன் யூஜின் சென், சீனாவின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். மனைவியைவிட 28 வயது மூத்தவர். இவர் பிறந்தது சீனாவில் இல்லை. மேற்கிந்தியத் தீவான திரினிடாட்டில். கரும்புத் தோட்ட வேலைக்கு நம் இந்தியர்களும் கப்பலேற்றப்பட்டார்களே, அதே தீவு. ஆக, கணவனும் மனைவியும் ஊர் விட்டு ஊர் போனவர்கள்தாம். சென் என்ற குடும்பப் பெயரை அம்மையார் கடைசிவரை விடவில்லை. படங்களிலும் அதையே கையெழுத்தாக இட்டார்.

பிறகு ஜப்பான்காரன் சண்டை வந்தது. அந்தக் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து எத்தனை பேர் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாமல் போனார்கள் என்பதைப் பாட்டி தாத்தா வாய்வழியாகக் கேட்டிருப்பீர்கள். ஹாங்காங்கில் இருந்த இந்தத் தம்பதியரையும் ஜப்பானியர் பிடித்தார்கள். சாங்காய்க்குக் கொண்டுபோய் வீட்டுக் காவலில் வைத்தார்கள். வெளியே போக முடியாது. வரைவதற்கு ஊரும் இல்லை, சந்தையும் இல்லை. கணவரையே உட்கார வைத்து வரைந்தார் அம்மையார். அவரும் பொறுமையாக உட்கார்ந்தார். 1944-இல் அந்தக் காவலிலேயே யூஜின் சென் காலமானார்.

போர் முடிந்தபின், 1946 வாக்கில், அம்மையார் தம் முகத்தைத் தாமே வரைந்த படம் ஒன்று உண்டு. மிகச் சிறியது, நம் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தக அட்டையைவிடப் பெரிதிராது. அழுகை இல்லை, சிரிப்பும் இல்லை. உதட்டை மூடிக்கொண்டு பார்க்கிற பார்வை. கணவனைப் பறிகொடுத்த பெண்களை நம் வரிசை வீடுகளில் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு பால்மரத்துக்குப் போவார்களே, அந்த முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டாம் கணவரோடு நியூயார்க், பாரிஸ் என்று சுற்றிவிட்டு 1951-இல் அவர் பினாங்கு வந்து சேர்ந்தார். நம் பேராவுக்குப் பக்கத்து மாநிலம்! அங்கே ஹான் சியாங் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தார். இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பாட்டன் பூட்டன்கள் வந்ததுபோல் அவர் கூலிக்கு ஆளாகி வரவில்லை. படிப்பும் பெயரும் உள்ளவராக வந்தார். ஆனாலும் 45 வயதை நெருங்கும்போது புதிய மண்ணில் முதலிலிருந்து தொடங்குவது லேசான காரியமா? 1953-இல் அந்த இரண்டாம் மணவாழ்வும் முறிந்தது. சிங்கப்பூருக்குத் தனியே போனார். 1954 முதல் 1980 வரை நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஓவியம் கற்பித்தார். சிற்பி இங் எங் தெங் போன்றவர்கள் அவரிடம் பாடம் கேட்டவர்கள்.

அவருக்கு என்ன பிடிக்கும்? எதையும் நேரில் பார்த்து வரையத்தான் பிடிக்கும். பாரிஸில் படித்தவராயிற்றே, ஆப்பிளும் திராட்சையுமாக வரைந்திருக்கலாம். அவரோ ரம்புத்தான், மங்குஸ்தீன், டுரியான் என்று நம் பசாரில் விற்கிற பழங்களை வாங்கி வைத்து வரைந்தார். ரம்புத்தானைப் பறித்து இரண்டு நாள் வைத்தால் அதன் முடி கறுத்துப்போகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சிவப்பு ஓடிப்போவதற்குள் பிடித்தாக வேண்டும். 1965-இல் அவர் வரைந்த ரம்புத்தான் படம் இன்றும் வாடவில்லை. பழங்கள் மட்டுமல்ல, சிங்கப்பூர் ஆற்றுப் படகுகள், தாமரைக் குளம், கிழக்குக் கரையில் சரக்கை முன்னே பரப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்த மலாய்ப் பெண்கள், இவையெல்லாம் அவருடைய தூரிகைக்கு வந்தன. சந்தையில் வியாபாரம் செய்யும் அம்மாவும் ஓவியத்துக்கு உரியவர்தான் என்று எண்ணிய கை அது.

சீனம், பிரெஞ்சு, ஆங்கிலம் தெரிந்தவர், இங்கே வந்தபின் மலாய் மொழியையும் உட்கார்ந்து படித்தார். செண்டானா என்று மலாய்ப் பெயரும் ஏற்றுக்கொண்டார். செண்டானா என்றால் வேறொன்றுமில்லை, நம்ம சந்தனம்தான்!

படம் போட்டால் சோறு கிடைக்குமா வாத்தியாரே என்று கேட்கும் அப்பாமார் உண்டு. நியாயமான கேள்விதான். அம்மையாரும் ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டுதான் வரைந்தார். அதனால் நான் அவர்களோடு வாதாடுவதில்லை. வண்ணப் பென்சிலைப் பிடுங்கி வைக்காதீங்க என்று மட்டும் சொல்வேன்.

1982-இல் சிங்கப்பூர் அரசு கலாசாரப் பதக்கம் அளித்தது. ஆனால் அதற்குள் மூட்டு வாதம் அந்தக் கைகளை முடக்கிவிட்டது. கடைசி ஆண்டுகளை மருத்துவமனையிலேயே கழித்தார். 1993 மார்ச் 15-இல் காலமானார். சிக்லாப் பகுதியில் இருந்த அவர் வீட்டில் கிடைத்த 53 படங்கள் மறு ஆண்டு சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகத்துக்குக் கொடுக்கப்பட்டன. இளங்கலைஞர்கள் படிக்க அவர் பெயரில் உபகாரச் சம்பளமும் உண்டு.

ரம்புத்தான் படமும் அந்தச் சிறிய முகப் படமும் இப்போது சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்த கட்டடம் அது. உறவினர் கல்யாணம் என்று சிங்கப்பூர் போனால் பிள்ளைகளை ஒரு நடை அங்கே அழைத்துப் போங்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர்களே, அடுத்த பழக்காலத்தில் மறுபடியும் ஒரு கொத்து கொண்டு வருவேன். இந்தத் தடவை ஆப்பிள் வரக்கூடாது!