வந்தவனும் வாழ்ந்த மண்ணும்

செஞ்சிக் கோட்டையை அறியாதார் யார்? தெருக்கூத்தில் தேசிங்குராஜன் குதிரையேறி வரக் கண்டு மெய்சிலிர்க்காதார் யார்? ஆனால் அந்த ராஜன் வெளியூரிலிருந்து வந்தவன் என்பதை எண்ணிப் பார்த்தோர் எத்தனை பேர்?

தேஜ்சிங் என்பது அவன் பெயர். வடக்கே புந்தேல்கண்டு, அவன் குடும்பத்தின் பூமி. 1698-இல் மராத்தியரிடமிருந்து செஞ்சியை மொகலாயர் கைப்பற்றினர். பின்னர் ஔரங்கசீப் ஆட்சியில் அவன் தந்தை சொரூப்சிங் கோட்டைத் தலைவரானார். 1714-இல் தந்தை மறைய, மைந்தன் தெற்கே வந்து பொறுப்பேற்றான்.

ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் விடவில்லை. கப்பப் பாக்கியைக் கட்டு என்றார். டில்லியின் புதிய ஆணையின்றி உரிமை செல்லாது என்றார். இளைஞன் பணியவில்லை. அவ்வாண்டு அக்டோபரில், வெள்ளம் புரண்ட ஆற்றைக் கடந்து, சில நூறு பேரோடு பெரும்படையை எதிர்த்தான், மாண்டான். வயது 22! உடன் வீழ்ந்தான் உயிர்த்தோழன் மகமத்கான். மதம் பிரிக்காத நட்பு அது. இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அந்தக் கொடுமையை நாம் போற்றமாட்டோம். அவள் நினைவாக எழுந்ததே ராணிப்பேட்டை.

வந்தவனைத் தன் மகனாக ஏற்றுப் பாடியது தமிழகம். டில்லியோ?

உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஏழைக் குடும்பங்கள் யமுனைக் கரையில் குத்தகைக்கு நிலம் பிடித்துக் காய்கறி விளைத்தன. நகரத்தாரின் வயிறு நிறைந்தது. 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே பயிரிடத் தடை விதித்தது. குடிசைகள் இடிக்கப்பட்டன. ஆறு தூய்மையாக வேண்டும், மறுக்கவில்லை. அதை அழுக்காக்கியது உழவனின் ஏரா, நகரத்தின் சாக்கடையா? 2010 காமன்வெல்த் போட்டிக்கு அதே கரையில் மாடி வீடுகள் எழும்பினவே! மாளிகைக்கு இடமுண்டு, மண்வெட்டிக்கு இல்லையா?

நமக்கென்ன என்று இருக்கலாமா? செஞ்சி வட்டாரத்திலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறவர்கள் நம்மவரல்லவா? இன்று அவருக்கு நேர்வது நாளை இவருக்கும் நேராதா?

நாயக்கர், பீஜப்பூரார், மராத்தியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் செஞ்சியை ஆண்டனர்; போயினர். கோட்டை 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதன் சுவரோரம் இன்றும் ஏர் நடக்கிறது. ஆள வந்தவன் போய்விடுவான். உழ வந்தவன்தான் ஊரை நிறுத்துவான்.

ஆகவே கேட்கிறோம்: மாற்று நிலமும் குடியிருக்க மனையும் கொடுக்காமல் உழவனை எழுப்பாதீர்! சலுகையல்ல, அது அவன் உரிமை.